திறந்த வீட்டின் சாட்சி

ஞானமலரின் சாட்சி டென்மார்க்கின் விபோர்க் தமிழ்ச் சபையில் பிரசித்தமானது. புதிதாக யாராவது சபைக்கு வந்தால், "அக்கா, உங்கட திறந்த வீட்டுச் சாட்சியை ஒருக்காச் சொல்லுங்கோவன்" என்று கேட்பார்கள். அவளும் பிகு பண்ணமாட்டாள். எழும்பிச் சேலைத் தலைப்பைச் சரிசெய்து தொண்டையைச் செருமினாளென்றால், பத்து நிமிடத்தில் கைக்குட்டை கொண்டுவராதவர்கள் பக்கத்துக் கதிரையில் இரவல் கேட்க வேண்டிவரும். சாட்சி என்பது ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையைச் சபைக்கு முன்னால் எழுந்து நின்று சொல்வது. ஒருவர் வேலை கிடைத்ததைச் சொல்வார், இன்னொருவர் முதுகுவலி மாறியதைச் சொல்வார். நவரத்தினம் பாஸ்ரர் ஒருமுறை, தொலைந்த கார்ச் சாவி அகப்பட்டதைக்கூடக் கண்ணீர்மல்கச் சொன்னவர். அந்தச் சாவிகளுக்கும் முதுகுகளுக்கும் நடுவில் ஞானமலருடையது நிமிர்ந்து நின்றது.

கதை இதுதான். தொண்ணூறாம் ஆண்டு ஆவணியில் இராணுவம் தீவுப்பகுதிக்குள் இறங்கியபோது ஞானமலரும் கணவன் தேவநாயகமும் இரண்டு மாதக் குழந்தையும் உடுத்த உடுப்போடு யாழ்ப்பாண நகருக்கு ஓடிவந்தார்கள். ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் ஒன்பது குடும்பங்களோடு படுக்கை. ஒக்டோபர் கடைசியில் பிள்ளைக்கு வயிற்றோட்டம் கண்டது. பயத்திலும் பட்டினியிலும் தாய்ப்பால் வற்றிப்போயிருந்தது. பால்மா தேடிக் கொடுக்காவிட்டால் இரண்டு நாள் தாண்டாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். கடைகளில் பால்மா மருந்துக்கும் இல்லை. அழுதுகொண்டு திரும்பி வரும் வழியில் ஒரு வீடு. பச்சைக் கேற். கதவு ஆவென்று திறந்து கிடக்கிறது. உள்ளே ஒரு குருவி இல்லை. அடுப்பில் கேத்தில் இன்னும் சுடுகிறது. பக்கத்தில், உடைக்காத பால்மா ரின் ஒன்று.

"ஆண்டவர் எனக்கெண்டு அந்த வீட்டைத் திறந்து வைச்சிருந்தார்" என்பாள் ஞானமலர். இந்த இடத்தில் சபை முழுவதும் ஸ்தோத்திரம் சொல்லும். "அந்தப் பால் குடிச்ச பிள்ளைதான் இது" என்று அவள் கையைக் காட்டுவாள். பக்கத்தில் நிற்கும் ஆறடி உயரத்து பிரெய்ன், தாடியைத் தடவிக்கொண்டு தலையைக் குனிவான். அவனுக்கு முப்பத்தைந்து வயது. பிராண்டேயில் காற்றாலை செய்யும் தொழிற்சாலையில் பொறியியலாளர். ஞாயிறு தவறாமல் மனைவி நிலுஷாவையும் ஐந்து மாதப் பெண்குழந்தையையும் காரில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவான். தமிழ் விளங்காத இளம்பிள்ளைகளுக்காக மேடையில் நின்று வசனத்துக்கு வசனம் டெனிஷில் சொல்வதும் அவன்தான். அம்மாவின் சாட்சியை மட்டும் அவன் தலைகீழாகவும் சொல்வான்.

அது யாருடைய வீடு என்று ஒருவரும் கேட்டதில்லை. அந்த ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் அத்தனை பேரையும் இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறச் சொல்லி ஆயுதம் ஏந்திய தமிழ் இயக்கம் அறிவித்ததும், சனம் கட்டிய துணியோடு போனதும் சபையில் பாதிப் பேருக்குத் தெரியும். தெரிந்தவர்கள் கேட்கவில்லை. தெரியாதவர்களுக்குக் கேட்கத் தோன்றவில்லை. ஞானமலரும் முஸ்லிம் என்ற சொல்லை வாயால் சொன்னதில்லை.

வாரநாட்களில் அவளுக்கு வேறு சபை. கொமூன் என்னும் நகராட்சியின் முதியோர் பராமரிப்பில் வேலை. காலை ஏழு மணியிலிருந்து வீடு வீடாகக் கார் ஓடும். எந்தக் கிழவருக்கு எத்தனை நிமிடம் என்று போனில் வந்து விழும். ஹென்னிங்குக்கு இருபத்தைந்து நிமிடம். அதற்குள் முகம் கழுவி, வீங்கிய காலுக்கு இறுக்கக் காலுறை போட்டு, கறுத்த பாணில் வெண்ணெய் பூசிக் கொடுக்க வேண்டும். எண்பத்துமூன்று வயதான ஹென்னிங் முன்பு உயர்பள்ளியில் ஸ்பானிய மொழி படிப்பித்தவர். கை நடுங்கும், வாய் நடுங்காது. முதல் நாளே, தன்னை ஐயா கொய்யா என்று கூப்பிடக்கூடாது, பெயர் சொல்லி நீ என்றே கூப்பிட வேண்டும் என்று உத்தரவு போட்டார். அவளும் டெனிஷில் அப்படியே கூப்பிட்டாள். மனதுக்குள் மட்டும் "நீங்கள்" என்று திருத்திக்கொள்வாள்.

ஹென்னிங்குக்குப் பெண்சாதி இல்லை, பிள்ளை இல்லை, கடவுளும் இல்லை. கஸ்பார் இருந்தான். கஸ்பார் டி ரிவேரோ ஐந்நூறு வருடங்களுக்கு முன்னால் பெருவுக்குப் போன ஸ்பானியப் படைவீரன். அவனுடைய விண்ணப்பங்களும் கடிதங்களும் எங்கோ ஒரு பழஞ்சுவடிக் கூடத்தில் கிடந்தன. அவற்றின் பிரதிகளை எடுத்து ஹென்னிங் பன்னிரண்டு வருடமாக டெனிஷில் பெயர்த்துக்கொண்டிருந்தார். ஞானமலர் காலடியில் குந்தியிருந்து காலுறையோடு மல்லுக்கட்ட, அவர் முதல்நாள் முடித்த பக்கத்தை உரத்து வாசிப்பார். கேட்பதற்கு வேறு ஆள் கிடையாது.

ஆரம்பத்தில் அவள் இந்தக் காதால் வாங்கி அந்தக் காதால் விட்டாள். பிறகு கஸ்பார் மெல்லப் பிடித்துப்போனான். தோல் பதனிடுகிறவனின் ஏழாவது மகன். பன்னிரண்டு வயது வரைக்கும் காலில் செருப்பில்லை. பத்தொன்பதில் ஊரில் பிழைக்க வழியில்லாமல் கப்பலேறியிருக்கிறான். கப்பலின் அடித்தட்டில் வாந்தியும் எலியுமாக எழுபது நாள். மொஸ்கோவில் ஆள்கடத்தும் ஏஜென்ற்காரனின் ஓர் அறைக்குள் பதினேழு பேரோடு நாலு மாதம் பூட்டப்பட்டுக் கிடந்துவிட்டு டென்மார்க் வந்து சேர்ந்தவளுக்கு இதை யாரும் விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை. "பாவம் பொடியன்" என்று வாய்விட்டே சொன்னாள். பாவத்தை டெனிஷில் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் தமிழிலேயே சொன்னாள்.

அந்தப் பாவம் பொடியன் பிறகு மளமளவென்று வளர்ந்தான். இரண்டு போர்கள், முகத்தில் ஒரு வெட்டு. அதற்குக் கூலியாக ஒரு பள்ளத்தாக்கும் அங்கே இருந்த சனமும் அவனுக்கு எழுதிக் கொடுக்கப்பட்டார்கள். சனத்தையும் சேர்த்தா எழுதிக் கொடுப்பது என்று ஞானமலர் கேட்டாள். அந்தக் காலத்தில் அப்படித்தான் என்றார் ஹென்னிங். கஸ்பார் கோதுமை விதைத்தான், ஒலிவ மரம் நட்டான், ஆற்றில் ஆலை கட்டினான். ஒன்பது வருடம் கழித்து ஸ்பெயினிலிருந்து மனைவியைக் கூப்பிட்டான். அவள் வந்து இறங்கிய அன்றே பாண் புளிக்கிறது என்று மூக்கைச் சுளித்தாளாம். ஞானமலருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. தானும் கறுத்த பாணை முதன்முதல் வாயில் வைத்தபோது யாரோ பழிவாங்குகிறார்கள் என்றுதான் நினைத்தாள்.

செப்டெம்பரில் ஒரு நாள் ஹென்னிங் விண்ணப்பத்தை வாசித்தார். கஸ்பாருக்கு நாற்பத்தைந்து வயதானபோது அரசனிடம் பட்டம் கேட்டு எழுதியது. அந்தக் காலத்து வழக்கப்படி தன் வாழ்க்கையைக் கேள்விகளாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் கூடப்போன சிப்பாய்களிடம் "ஆம், நான் அங்கே இருந்தேன், அப்படித்தான் நடந்தது" என்று சாட்சி வாங்க வேண்டும். பதினோராவது கேள்வியை ஹென்னிங் கண்ணாடியை மூக்கில் இறக்கி வாசித்தார்.

"பதினொரு நாள் வேரையும் தோலையும் தின்று நடந்த நாங்கள், சாகும் தறுவாயில் ஓர் ஊரைக் கண்டோம். கதவுகள் திறந்து கிடந்தன. ஆட்கள் இல்லை. அடுப்புகளில் சோளம் இன்னும் சூடாக இருந்தது. எங்கள் ஆண்டவர் எங்களுக்காக அந்த ஊரைத் திறந்து வைத்திருந்தார் என்பதைச் சாட்சிகள் அறிவார்களா?"

காலுறை குதிக்காலில் நின்றுவிட்டது.

"என்ன, காலை அப்படியே விட்டுவிட்டாய்?" என்றார் ஹென்னிங்.

"ஒன்றுமில்லை. சாட்சிகள் என்ன சொன்னார்கள்?"

"ஒன்பது பேரும் ஆம் என்றார்கள். ஒரே சொல்லில், ஒரே மாதிரி. மனப்பாடம் பண்ணியிருக்கிறார்கள், திருட்டுப் பயல்கள்."

அன்றைக்கு ஞானமலர் வெளியே வந்து காரில் ஏறி, அடுத்த கிழவியின் வீட்டுக்குத் திரும்ப வேண்டிய சந்தியை இரண்டு தடவை கடந்துபோனாள். கடைசியில் ஒரு பேருந்து நிறுத்தத்தின் ஓரத்தில் காரை நிறுத்தி, கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். வெட்கமாக இருந்தது. தன் சாட்சியை யாரோ களவெடுத்த மாதிரி முதலில் தோன்றியது. பிறகுதான், களவெடுத்தது யார் என்ற கேள்வி வந்தது.

ஏனென்றால் அந்தக் கதவு ஏன் திறந்து கிடந்தது என்று அவளுக்குத் தெரியும். உலகத்தில் வேறு ஒருவருக்கும் தெரியாது. தேவநாயகத்துக்கும் தெரியாது.

அன்று காலை ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது ஐந்துசந்திப் பக்கம் சனம் வரிசையாக நிறுத்தப்பட்டிருந்தது. துவக்கோடு இயக்கப் பொடியள் நின்று பைகளைக் கொட்டிச் சோதித்தார்கள். வரிசையை விட்டு ஒரு அடி விலகினால் அதட்டல். ஞானமலர் தலையைக் குனிந்துகொண்டு ஓரமாகப் போனாள். வரிசையில் நின்ற ஒரு பெண் அவள் முழங்கையைத் தொட்டாள். தன் வயதுதான் இருக்கும். முக்காட்டுக்குள் ஒரு குழந்தை.

"தங்கச்சி, எத்தினை மாசம்?"

"நாலு."

"இதுக்கும் நாலுதான்." அந்தப் பெண் குரலைத் தணித்தாள். "அவசரத்திலை பால்மா ரின்னை அடுப்படியிலை விட்டிட்டு வந்திட்டன். இவங்கள் திரும்பிப் போக விடமாட்டம் எண்டுறாங்கள். உந்த ஒழுங்கையிலை மூண்டாவது, பச்சைக் கேற். கதவு பூட்டேல்லை. நீ போனால் மறிக்கமாட்டாங்கள். ஓடிப்போய் எடுத்துத் தருவியே?"

"ஓம் அக்கா. நில்லுங்கோ, எடுத்துக்கொண்டு வாறன்."

ஓடித்தான் போனாள். அதில் பொய் இல்லை. ரின்னைக் கையில் எடுத்தாள். தோளில் கிடந்த பிரெய்ன் பூனைக்குட்டி மாதிரி முனகினான். ஒரு வாய் கரைத்துக் கொடுத்துவிட்டு மிச்சத்தைக் கொண்டுபோகலாம் என்று நினைத்தாள். கேத்திலில் சுடுதண்ணீர் இருந்தது. பிள்ளை இரண்டு நாளைக்குப் பிறகு முதல்முதலாக விழுங்கினான். இன்னும் கேட்டான். இன்னும் கரைத்தாள். தெருவில் லொறிகள் ஸ்ராட் பண்ணும் சத்தம் கேட்டது. ஒழுங்கை முனைக்கு ஓட ஒரு நிமிடம் போதும். ஞானமலர் எழும்பிப் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள்.

பின்னேரம் தேடிவந்த தேவநாயகத்திடம், "கதவு திறந்து கிடந்தது" என்று மட்டும் சொன்னாள். பிள்ளை அவள் மடியில் நித்திரையாகக் கிடந்தான். அவர் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து அழுதுகொண்டு முழங்காலில் நின்று ஜெபித்தார். அந்த ஜெபம்தான் பிறகு சாட்சியாகியது. அந்த வீட்டில் பதினாலு மாதம் இருந்தார்கள். அந்தப் பெண்ணின் சட்டியில் சமைத்தார்கள், அவளுடைய கொடியில் துணி காயப்போட்டார்கள். தொண்ணூற்று நாலில் டென்மார்க் வந்தார்கள். முதல் ஐந்தாறு வருடம் கனவில் வந்த அந்தப் பெண், பிறகு வருவதை நிறுத்திவிட்டாள். சாட்சியைச் சொல்லச் சொல்ல, சொல்லாத பகுதி தேய்ந்து, அப்படி ஒன்று நடந்ததா என்றுகூட ஞானமலருக்குச் சில வேளைகளில் சந்தேகம் வரும். இப்போது அந்தப் பாழாய்ப்போன கஸ்பார் வந்து தோண்டிவிட்டான்.

ஒக்டோபர் முழுவதும் அவள் ஹென்னிங்கின் வீட்டுக்குப் பயந்து பயந்து போனாள். போகாமல் இருக்கவும் முடியவில்லை. கஸ்பார் கிழவனானான். நகரசபையில் ஆசனம், தேவாலயத்தில் முன்வரிசை. எழுபத்தோராவது வயதில் மூத்திரம் அடைத்துச் சாகக் கிடந்தான். பாவமன்னிப்புக் கொடுக்க வந்த துறவி, எடுத்ததைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் மன்னிப்பு இல்லை என்று ஒற்றைக்காலில் நின்றார். கஸ்பார் எழுத்தரைக் கூப்பிட்டு மரணசாசனம் சொன்னான்.

ஹென்னிங் வாசித்தார். "நான் அரசனுக்கு எழுதியது பொய். அந்த ஊர் வெறுமையாக இருக்கவில்லை. எங்கள் பசியைக் கண்ட ஒரு பெண் தன் வீட்டுக் கதவைத் தானே திறந்து எங்களைக் கூப்பிட்டாள். தின்று முடித்த பிறகு நாங்கள் அவர்களை மலைக்குத் துரத்தினோம். கதவைத் திறந்தவர் ஆண்டவர் அல்ல, அவள்தான். நாற்பது வருடம் நான் ஆண்டவர்மேல் பழியைப் போட்டேன். கீழ்ப் பள்ளத்தாக்கு நிலம் முழுவதையும் அந்த ஊராருக்குத் திருப்பிக் கொடுக்கவும்."

ஞானமலர் மூச்சை விட்டாள். "கொடுத்தார்களா?"

"எங்கே கொடுத்தார்கள்? மூன்று மகன்களும் சேர்ந்து, அப்பாவுக்குக் காய்ச்சலில் புத்தி பேதலித்துவிட்டது என்று வழக்குப் போட்டார்கள். அப்பாவின் பெயரைக் காப்பாற்றுகிறார்களாம். பதினொரு வருடம் வழக்கு நடந்தது. ஒரு பிடி மண்கூடப் போகவில்லை." ஹென்னிங் தாளை மடியில் வைத்தார். "எனக்கு இந்தக் கிழவனில்தான் கோபம். சாகும்வரை அந்தக் கோதுமையில் பாண் சுட்டுத் தின்றுவிட்டு, உண்மையைச் சொல்லிவிட்டு ஓடிப்போய்விட்டான். உயிரோடு இருக்கும்போது சந்தையில் நின்று சொல்லியிருந்தால் யார் புத்தி பேதலித்தது என்று சொல்லுவார்கள்? கோப்பி ஆறிவிட்டது, சூடாக்கித் தா."

அவள் கோப்பியைச் சூடாக்கிக் கொடுத்தாள். போனில் நிமிடம் தாண்டிச் சிவப்பாகக் காட்டியது.

நவம்பர் இரண்டாவது ஞாயிறு சபையின் வெள்ளிவிழா. அல்பர்ட்ஸ்லுண்ட் சபையிலிருந்து ஒரு பேருந்து நிறையச் சனம் வருகிறது. நிகழ்ச்சிநிரலில் ஞானமலரின் சாட்சி, பாஸ்ரரின் பிரசங்கத்துக்கு முன்னால். சனிக்கிழமை மத்தியானம் அவளும் தேவநாயகமும் சமையலறை மேசையில் எதிரெதிராக இருந்து, மெல்லிய ரொட்டிக்குள் கறி வைத்து விழாவுக்கு ரோல்ஸ் சுற்றினார்கள். நூற்றைம்பது ரோல்ஸ். தேவநாயகம் பன்றியிறைச்சித் தொழிற்சாலையில் இருபத்தேழு வருடம் கத்தி பிடித்து ஓய்வெடுத்தவர், சபையின் மூப்பர், அதிகம் கதைக்காத மனிதர். எண்பதாவது ரோல்ஸில் அவள் சொல்லத் தொடங்கினாள். நிமிர்ந்து பார்க்காமல், ஐந்துசந்தியிலிருந்து தாழ்ப்பாள் வரைக்கும் சொன்னாள்.

தேவநாயகத்தின் கையில் இருந்த ரொட்டி காய்ந்து விளிம்பு வெடித்தது.

"என்னட்டை நீ கதவு திறந்து கிடந்ததெண்டுதான் சொன்னனீ."

"திறந்துதான் கிடந்தது."

அவர் வெடித்த ரொட்டியைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். பிறகு, "நாங்களும் கலைபட்டு வந்த சனம்தானே" என்றார். "அவையை நாங்கள் கலைக்கேல்லை. உனக்கும் வேறை வழி இருக்கேல்லை. குடுத்திருந்தால் எங்கட பிள்ளை செத்திருப்பான்."

"இஞ்சேருங்கோ, நானும் முப்பத்தைஞ்சு வருசமா இதைத்தான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தனான். பாதி ரின் போதும். ஒரு பேப்பரிலை பாதியைக் கொட்டி எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் கொண்டுபோய்க் குடுத்திருக்கலாம். ரண்டு பிள்ளையும் குடிச்சிருக்கும். எனக்கு அது அப்பவே தெரியும். கதவைச் சாத்தேக்கை தெரியும்."

"ஏன் சாத்தினனீ?"

"முழுசாய் வேணும் எண்டு நினைச்சன். நாளைக்கும் நாளையிண்டைக்கும் வேணும் எண்டு நினைச்சன். அவ வந்து கதவைத் தட்டிப்போடுவாவோ எண்டு பயந்தன்."

தேவநாயகம் எழும்பிக் கையைக் கழுவினார். கழுவின கையைத் திரும்பவும் கழுவினார். "நாளைக்குச் சொல்லப்போறியோ?"

"ஓம்."

"பிரெய்ன்ரை வாயாலை?"

அதுதான் அவளுக்கும் நெஞ்சில் முள்ளாக நின்றது. கடவுள் காப்பாற்றிய பிள்ளை என்றே வளர்ந்தவன் அவன். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் கறுப்பன் என்று தள்ளிவைத்தபோது, "எனக்கெண்டு ஆண்டவர் ஒரு வீட்டையே திறந்து வைச்சவர்" என்று சொல்லிக்கொண்டு நிமிர்ந்து நின்றவன். தகப்பனாகிய பிறகு ஒரு நாள் தன் குழந்தைக்குப் போத்தலில் பால் கொடுத்துக்கொண்டே, அம்மாவின் சாட்சியை நினைத்தேன் என்று கண் கலங்கினவன். அவனிடமிருந்து அதைப் பிடுங்க வேண்டும்.

"முதல் அவனுக்குத் தனியச் சொல்லு" என்றார் தேவநாயகம்.

"தனியச் சொன்னால் மூடி வைச்சிடுவான். அம்மான்ரை பேரைக் காப்பாத்துறன் எண்டு மூடி வைச்சிடுவான். அவன் நல்ல பிள்ளை."

சொன்னாளே தவிர, அன்று பின்னேரம் அவனுக்கு இரண்டு தடவை போன் எடுத்தாள். முதல் தடவை அவன் எடுக்கவில்லை. இரண்டாம் தடவை எடுத்து, பிள்ளையைக் குளிப்பாட்டுகிறேன் அம்மா, நாளைக்குக் கதைப்பம் என்றான். ஞாயிறு காலை கார் தரிப்பிடத்தில் குழந்தையின் இருக்கையைக் கழற்றிக்கொண்டு நின்றவனிடம் போனாள். "அம்மா, இண்டைக்குக் கலக்குங்கோ" என்று அவள் கன்னத்தில் கொஞ்சிவிட்டு உள்ளே ஓடிவிட்டான். அவளுக்கு அந்த நேரத்தில் வாய் வரவில்லை. சொல்லியிருக்க வேண்டும். அந்தக் குற்றமும் அவள் கணக்கில்தான்.

மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் மூப்பர்கள், நடுவில் குடும்பங்கள், பின்னால் போனும் கையுமாக இளம்பிள்ளைகள். ஞானமலர் மேடையேறினாள். பிரெய்ன் கோட்டும் சூட்டுமாக இரண்டாவது மைக்கோடு பக்கத்தில் நின்றான்.

முதற்பாதி வழக்கம்போலவே போனது. தீவு, ஓட்டம், பள்ளிக்கூடம், வயிற்றோட்டம். அவன் அம்மாவுக்குப் பின்னால் போகவில்லை, முன்னால் போனான். அவள் வசனத்தைத் தொடங்கும்போதே அவன் டெனிஷில் முடித்துவிடுவான். அவள் "பச்சைக் கேற்" என்றபோது அவன் கதவையே திறந்து, ஆண்டவர் அதை எங்களுக்காகத் திறந்து வைத்திருந்தார் என்று சொல்லிமுடித்துவிட்டான். பின்னாலிருந்த பிள்ளைகள் ஆமென் என்றார்கள். முன்வரிசை, தமிழ் வசனம் வருமுன்னரே ஸ்தோத்திரத்துக்கு வாயைத் திறந்தது.

"கதவைத் திறந்து வைச்சது ஆண்டவர் இல்லை" என்றாள் ஞானமலர். "ஒரு தாய்."

ஸ்தோத்திரம் பாதியில் நின்றது. பிரெய்ன் சிரித்தான். அம்மாவுக்குத் தடுமாறிவிட்டது என்று நினைத்து, மைக்கைக் கையால் மூடி, "அம்மா?" என்றான்.

"நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லு, தம்பி."

அவள் சொன்னாள். முஸ்லிம் சனத்தை வரிசையில் நிறுத்தியிருந்ததைச் சொன்னாள். முழங்கையைத் தொட்ட கையைச் சொன்னாள். நாலு மாதம், நாலு மாதம் என்று இரண்டு தாய்மார் பேசிக்கொண்டதைச் சொன்னாள். பிரெய்ன் மூன்று வசனங்களுக்கு வாயே திறக்கவில்லை. பின்வரிசைப் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு அவன் மைக்கைத் தூக்கினான். இப்போது முன்னால் ஓடவில்லை. ஒவ்வொரு வசனத்தையும் அவள் முடிக்கும்வரை காத்திருந்து, படி இறங்குகிறவன் மாதிரி ஒவ்வொன்றாக இறக்கிவைத்தான். எடுத்துக்கொண்டு வாறன் எண்டு சொன்னனான். என் பிள்ளைக்குக் கரைத்தேன். லொறிச் சத்தம் கேட்டது. எழும்பிப் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டேன்.

"அவ எனக்காகக் காத்துக்கொண்டு நிண்டிருப்பா" என்றாள் ஞானமலர். "எனக்கு அழுகிறதுக்கும் உரிமை இல்லை. இவ்வளவு காலமும் உங்களையும் அழ வைச்சுக்கொண்டு நிண்டனான். என்னை மன்னிக்கச் சொல்லி நான் உங்களைக் கேக்கேல்லை. மன்னிக்க வேண்டிய ஆக்கள் நீங்கள் இல்லை."

அதையும் அவன் சொன்னான்.

முன்வரிசையில் தேவநாயகம் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிலுஷா குழந்தையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி, மாமியாரை முன்பின் தெரியாத ஒருத்தியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். அல்பர்ட்ஸ்லுண்டிலிருந்து வந்தவர்களில் ஒரு முதியவர் எழும்பி வெளியே போனார். நவரத்தினம் பாஸ்ரர் நல்ல மனிதர். ஒரு மௌனத்தை அரை நிமிடத்துக்குமேல் அவரால் தாங்க முடியாது. அவசரமாக மேடைக்கு வந்து, "சகோதரி, ஆண்டவர் எல்லாத்தையும் அப்பவே மன்னிச்சிட்டார். நாங்கள் எல்லாரும் எழும்பி ஒரு பாட்டுப் பாடுவம்" என்று கீபோர்ட் வாசிப்பவரைப் பார்த்துத் தலையசைத்தார்.

பிரெய்ன் கீபோர்ட் பக்கம் கையைக் காட்டி நிறுத்தினான். தாயின் பக்கம் திரும்பினான். முகம் வெளிறியிருந்தது. அவனுடைய தமிழ் எப்போதும் கொஞ்சம் தட்டுத்தடுமாறும். இன்றைக்கு ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தான்.

"அம்மா, அந்தப் பிள்ளைக்குப் பிறகு பால் கிடைச்சதோ?"

"தெரியாது."

"தேடிப் பாத்தனீங்களோ? ஒருக்காலும்?"

"இல்லை."

"பிள்ளைக்கு என்ன பேர்?"

"கேக்கேல்லை, தம்பி."

அவன் தலையை ஆட்டினான். பிறகு பின்வரிசையில் எழும்பி நின்றுகொண்டிருந்த பிள்ளைகளின் பக்கம் திரும்பி, தன் மூன்று கேள்விகளையும் டெனிஷில் சொன்னான். மூன்று பதில்களையும் சொன்னான். தெரியாது. இல்லை. நான் கேட்கவில்லை.

ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. பாஸ்ரர் அவன் தோளில் கைவைத்தார், அவன் அசையவில்லை. மைக்கைக் கீழே வைக்கவுமில்லை. தாயின் முகத்தைப் பார்த்தபடி அடுத்த வசனத்துக்காகக் காத்து நின்றான். அவளிடம் வேறு வசனம் இருக்கவில்லை.